காதோரப் புண் ஏன் ஆறவில்லை: செவலையோடு எட்டு வாரம்

காலையில் வாசல் தெளிக்க எழுந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் கதவு, பீரோ, அடுப்படி நிலை என்று வரிசையாகப் பொட்டுப் பொட்டாக ரத்தம் தெறித்திருந்தது. வீட்டுக்குள் ஏதோ பெரிய விபரீதம் நடந்துவிட்டது போல இருந்தது. எங்கள் நாய் செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, படபடவென்று ஒருமுறை தலையை உதறினாள். என் சேலையிலும் நாலு துளி விழுந்தது. இடது காதின் நுனியில் அரை அங்குலக் கிழிசல். முந்தின நாள் சாயங்காலம் தெருநாய் ஒன்றோடு கேட் பக்கம் நடந்த சண்டையில் பட்டது. இரவில் லேசாகத்தான் கசிந்தது, காலைக்குள் காய்ந்துவிடும் என்று நினைத்துப் படுத்திருந்தோம். அந்தப் புண் ஆற எட்டு வாரம் ஆனது.

நாங்கள் இருப்பது தென்காசிப் பக்கம். செவலை நாட்டு நாய், ஆறு வயது, பெயருக்கேற்ற நிறம். காது இரண்டும் பாதி நிமிர்ந்து பாதி மடிந்து நிற்கும். சண்டை நடந்தது ஆனி தொடக்கத்தில், குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்த நேரம். அந்தப் பருவமும் இந்தக் கதையில் ஒரு பங்கு வகித்தது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தள்ளிப்போடக் கூடாது. கடித்த நாய் எது, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று தெரியாவிட்டால், உங்கள் நாய்க்கு வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லி மறுபடி போட வேண்டும். நாங்கள் அன்றைக்கே போய்ப் போட்டோம். புண்ணைத் தொடுகிறவர்கள் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும். கடித்த நாயின் எச்சில் அதில் இருக்கும். நம் கையில் கீறல் இருந்து அதில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதற்கப்புறம் நாங்கள் செய்தவை எல்லாம் எல்லா வீட்டிலும் செய்கிறவைதான். பக்கத்து வீட்டு ஆச்சி, "மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைச்சுப் போடு தாயி, மூணு நாளுல காஞ்சிரும்" என்றார்கள். போட்டோம். காய்ந்தது. மஞ்சள் காய்ந்து ஓடு போலப் பிடித்துக்கொண்டது, அவள் தலையை உதறியதும் ஓட்டோடு சேர்ந்து பொருக்கும் பிய்ந்து வந்தது. மறுபடி ரத்தம். மருந்துக் கடையில் கேட்டு ஒரு பவுடர் வாங்கித் தூவினோம், அதுவும் கட்டி தட்டி உதிர்ந்தது. பிறகு ஒரு களிம்பு. களிம்பு போட்டால் புண் காயாமல் கிடந்தது, ஈ வேறு ஒட்டியது. இரண்டாவது வாரத்தில் ஓரிடத்தில் காட்டினோம். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். சீழ் பிடிக்கவில்லை, அது உண்மை. ஆனால் புண் மூடவும் இல்லை. காலையில் கருஞ்சிவப்பாய் அழகாகப் பொருக்குக் கட்டியிருக்கும், "சரி, ஆறிவிட்டது" என்று நான் நிம்மதியாவேன். மதியத்துக்குள் படபட சத்தம் கேட்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவரில் புதிதாக நாலு பொட்டு.

காது மடல் எதனால் ஆனது என்று அப்போது எனக்குத் தெரியாது. நடுவில் மெல்லிய குருத்தெலும்பு, இரண்டு பக்கமும் அதோடு இறுக ஒட்டிய தோல், அவ்வளவுதான். தொடையில் பட்ட காயத்துக்குக் கீழே தசை இருக்கும், தோலும் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், சீக்கிரம் மூடும். காதோரத்துக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, நாய் தலையை உதறும்போது அதிக வேகத்தில் சுழன்று மண்டையிலும் கழுத்துப்பட்டையிலும் போய் அடிப்பது அந்த நுனிதான். ஒரு நாளைக்கு 30 தடவை அடிபடுகிற இடம் எந்த மருந்துக்கு ஆறும்?

நாலாவது வாரம் ஒரு நாள் மதியம், காதோரத்து முடியில் குருணை அரிசி போல வெள்ளையாக ஏதோ கொத்தாக ஒட்டியிருந்தது. முதலில் சோறு என்றுதான் நினைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது கை கால் நடுங்கிவிட்டது. ஈ முட்டை. மாம்பழ சீசன் வேறு, தெருவெல்லாம் ஈ. அந்த முட்டை பொரிக்க ஒரு நாள்கூட ஆகாது. பொரித்தால் புழு, அதுவும் காதில். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, முடியை வெட்டி எடுத்தோம். அன்று இரவே என் கணவர், "இதுக்கு மேல வீட்டு வைத்தியம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் வண்டி பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனோம். காது, தோல் சம்பந்தமாக நிறையப் பார்க்கிறவர் என்று தெரிந்தவர்கள் சொன்ன மருத்துவர் ஒருவர் அங்கே இருந்தார்.

அவர் புண்ணைத் தொடவே இல்லை. முதலில் வலது காதைத் தூக்கி உள்ளே முகர்ந்து பார்த்தார். அப்புறம் இடது காதைத் தூக்கி முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். வலது காதில் நாயின் வாசம் மட்டும்தான். இடது காதில் மூன்று நாள் புளித்த மாவின் வாடை. நாலு வாரமாக அந்தக் காதின் ஓரத்தை ஒரு நாளைக்கு மூன்று முறை பார்த்துக்கொண்டிருந்த நான், அதற்கு இரண்டு அங்குலம் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "தலைய உதறுறது சண்டைக்கு அப்புறம் ஆரம்பிச்சதா, அதுக்கு முன்னாடியே இருந்துச்சாம்மா?"

காயம் வலிக்கிறது, அதனால் உதறுகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாருமே நினைத்திருந்தோம். யோசித்துப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. வைகாசியிலேயே அவள் வாசலில் கிடக்கும் தேங்காய் நார் மிதியடியில் இடது பக்கத் தலையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போவாள். நாங்கள் அதைச் சந்தோஷத்தில் புரளுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அரிப்பு முதலில் வந்திருக்கிறது, காயம் பிறகு வந்திருக்கிறது. சண்டை நடக்காமல் இருந்திருந்தாலும் அவள் உதறிக்கொண்டுதான் இருந்திருப்பாள். சண்டையில் பட்ட கிழிசலை அந்த உதறல் தினமும் புதிதாகத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது.

காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியை வைத்து முதலில் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். இது முக்கியம், ஏனென்றால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்துகள் உள்காதுக்குள் போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். அதனால்தான் போன வருடம் மிச்சமான சொட்டு மருந்தையோ, பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்ததையோ எடுத்து ஊற்றக் கூடாது. பிறகு பஞ்சுக் குச்சியால் உள்ளிருந்து கொஞ்சம் அழுக்கை எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில், இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலை போலச் சின்னச் சின்ன உருவங்கள் கும்பல் கும்பலாகக் கிடந்தன. ஈஸ்ட் பூஞ்சை. எந்த நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதானாம், ஈரமும் வெப்பமும் கிடைத்தால் பெருகிவிடும். குளிப்பாட்டும்போது நாங்கள் காதுக்குள் தண்ணீர் போவதைக் கவனித்ததில்லை. போதாததற்கு ஆனிச் சாரல்.

விரலிடுக்கில் இரண்டு உண்ணி இருந்ததால் ரத்தமும் எடுத்தார். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்களுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காமல் கசிவதற்கு அதுவும் ஒரு காரணம். நாய்களுக்குச் சாதாரணமாக 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்க வேண்டும். செவலைக்குக் குறைவில்லை. குறைந்திருந்தால் வைத்தியமே வேறு. காதோரத்தில் ரத்தம் நிற்கவில்லை, கூடவே நாய் சோர்ந்து கிடக்கிறது, சாப்பிட மறுக்கிறது, ஈறு வெளிறியிருக்கிறது என்றால் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு காதோரத்திலும் முடி கொட்டி, கறுப்பாகச் சிறு சிறு பொருக்குகள் இருந்ததையும் அவர்தான் காட்டினார். வலது காதில் சண்டையே நடக்கவில்லையே! அது கடிக்கிற ஈயின் வேலை. மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி வருமே, பார்ப்பதற்கு வீட்டு ஈ போலவே இருந்து சுருக்கென்று கடிக்கும், அது. காது நுனியில் முடி குறைவு என்பதால் அங்கேதான் உட்காரும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொழுவம் இருக்கிறது.

ஆக, எங்களுக்கு மூன்று வேலைகள் இருந்தன. உள்ளே அரிப்பை நிறுத்த வேண்டும், ஈயைத் தடுக்க வேண்டும், காதை ஆடாமல் வைக்க வேண்டும். நாலு வாரமாக நாங்கள் பார்த்த மருந்து போடும் வேலையை அவர் கடைசியில்தான் சொன்னார், அதுவும் மிகக் குறைவாக.

காது கழுவுவதை அவர் செய்து காட்டியே அனுப்பினார். நாயின் காதுக்குழாய் நமக்கு இருப்பது போல நேராகப் போவதில்லை. கீழ்நோக்கி இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்பும். பட்ஸ் விட்டுத் துடைத்தால் அழுக்கை அந்தத் திருப்பத்தில் போய் அடைத்துவிடுவோம். மருத்துவர் கொடுத்த திரவத்தைக் காதுக்குழாய் நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைய வேண்டும். சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். அப்புறம் நாய் உதறும், உதறினால்தான் அழுக்கு மேலே வரும். ஆனால் எங்கள் பிரச்சினையே உதறல்தானே? அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, பிசைந்து முடித்ததும் ஒரு துண்டைத் தலைமேல் போர்த்தி, காது மடலைக் கன்னத்தோடு சேர்த்து உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வது. தலை ஆடும், காது ஆடாது. பிறகு மேலே வந்த பழுப்பு நிற அழுக்கைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து. இதற்கு இரண்டு பேர் வேண்டும். அத்தை அவித்த முட்டையின் மஞ்சள் கருவை விரலில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவார்கள், நான் காதைப் பார்ப்பேன். மூன்றாம் நாளிலிருந்து துண்டை எடுத்தாலே செவலை தானாக வந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

முதல் ஐந்து நாள் கட்டுப் போட்டார்கள். காதைத் தலைக்கு மேல் மடித்து வைத்து, புண்ணில் ஒட்டாத பஞ்சுத் துணியை வைத்து, தலையைச் சுற்றி, நல்ல காதை வெளியே விட்டு, தொண்டை வழியாக ஒரு சுற்று. தொண்டைப் பக்கம் கட்டுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். முகம் வீங்கினாலோ, குறட்டை போல மூச்சு வந்தாலோ, கண் பிதுங்கினாலோ யோசிக்காமல் வெட்டி எடுத்துவிடச் சொன்னார். கட்டின் மேல் பேனாவால் காது எங்கே மடிந்திருக்கிறது என்று கோடு போட்டே கொடுத்தார். எதற்கென்று கேட்டேன். கட்டைப் பிரிக்கும்போது கத்தரிக்கோலில் காது நுனியும் சேர்ந்து போய்விடுகிற விபத்து நடப்பதுண்டாம். வீட்டில் நாமே கட்டுப் போட்டாலும் இந்தக் கோட்டை மறக்க வேண்டாம்.

ஆறாம் நாள் நான் ஒரு தவறு செய்தேன். கட்டைப் பிரித்தபோது புண் உலர்ந்து, மெல்லிய பொருக்கோடு அழகாக இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் மனசு கேட்கவில்லை. காற்றுப் படட்டுமே, இன்று ஒரு இரவு சும்மா விடுவோம் என்று விட்டுவிட்டேன். இரவு இரண்டு மணிக்குப் படபட சத்தம். விளக்கைப் போட்டால் சுவரில் வரிசையாகப் பொட்டு. உள்ளே பூஞ்சை குறைந்திருந்ததே தவிர முழுசாகப் போகவில்லை, அரிப்பு மிச்சம் இருந்திருக்கிறது. சுத்தமான துணியால் காதின் இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் நின்றது. எனக்கு அழுகை நிற்கவில்லை. ஐந்து நாள் அவள் பொறுத்துக்கொண்டதை நான் ஒரே இரவில் வீணாக்கிவிட்டேன்.

மறுநாள் மருத்துவரிடம் போனில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மறுபடி கட்டு வேண்டாம், தலைக்கு மேல் உறை போல ஒன்று மாட்டுங்கள் என்றார். பழைய லெகின்ஸ் ஒன்றின் முழங்கால் பகுதியை ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவாக வெட்டினேன். அதைத் தலை வழியாக மாட்டி, இரண்டு காதையும் பின்பக்கமாகப் படிய வைத்து, நெற்றியிலிருந்து கழுத்து வரை இழுத்துவிட்டால் போதும். இறுக்கமும் இல்லை, நழுவவும் இல்லை. நல்ல காதையும் உள்ளே வைத்ததால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. வண்ண வண்ணமாக நாலு வெட்டி வைத்துக்கொண்டேன். சாரலில் நனைந்தால் உடனே கழற்றி உலர்ந்ததை மாட்ட வேண்டும், ஈரத் துணி மறுபடி பூஞ்சையைத்தான் வளர்க்கும். பின்னங்காலால் சொறியாமல் இருக்க இரவில் மட்டும் கூம்புக் காலர் மாட்டினோம், கூடவே நகத்தையும் வெட்டிவிட்டோம்.

புண்ணுக்கென்று செய்தது மிகக் கொஞ்சம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் 9 கிராம் உப்பு. வீட்டில் தராசு இல்லாதவர்கள் மருந்துக் கடையில் நார்மல் சலைன் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். அதில் நனைத்த துணியைப் பொருக்கின் மேல் ஐந்து நிமிடம் வைத்து, தானாக ஊறி வருவதை மட்டும் எடுக்க வேண்டும். வராததை நகத்தால் பெயர்க்கவே கூடாது. முதல் சில நாள் பெட்டடின் கரைசலைத் தண்ணீரில் கலந்து, மங்கலான கட்டன் சாயா நிறத்துக்குக் கொண்டுவந்து ஒற்றினோம். அப்படியே கெட்டியாக ஊற்றினால் புதிதாக வளரும் சதையையும் அது அரித்துவிடும். நுரைத்துப் பொங்குமே, ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுவும் அப்படித்தான். பொங்குவதைப் பார்த்து நல்லது நடக்கிறது என்று நினைக்கிறோம், ஆறுகிற திசுவும் அதில் சேர்ந்து போகிறது. மஞ்சளை நான் குறை சொல்ல மாட்டேன், என் கையில் வெட்டுப்பட்டால் இன்றைக்கும் அதைத்தான் வைப்பேன். காது போல ஆடுகிற இடத்தில் ஓடாகக் காய்கிற எதுவும் உதவாது.

வலிக்குமே என்று நாம் போடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்களுக்கு ஆபத்தானவை. வயிற்றில் புண் வரும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். புழு வைத்துவிட்டால் மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்றுகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அந்த உயிர் துடிக்கிற துடிப்பை ஒருமுறை பார்த்தவர்கள் செய்ய மாட்டார்கள். புழுவைப் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக்கு என்று வைக்க நேரமில்லை. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் காதுக்குள் பார்க்க வசதி இல்லை என்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி இராமையன்பட்டி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன.

ஈக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. பின்கட்டில் சாணம் குவிந்துகிடந்த இடத்தை, தொழுவக்காரரிடம் பேசி, தினமும் அள்ளிவிடச் செய்தோம். பகலில் செவலையை வலையடித்த திண்ணையில் வைத்துக்கொண்டோம், மேலே மின்விசிறி. காற்று வீசுகிற இடத்தில் ஈ உட்கார முடிவதில்லை. உண்ணிக்கும் ஈக்கும் சேர்த்து மருத்துவர் கொடுத்த மருந்தைப் பிடரியில் விட்டோம், அவள் நாக்கு எட்டாத இடம் என்பதால்.

இரண்டாவது முயற்சியில் ஒன்பதாம் நாள் பொருக்கு உதறலுக்கும் தாக்குப்பிடித்தது. உண்மையில் உதறலே அதற்குள் குறைந்திருந்தது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான். நான் ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன். முதல் நாள் 34 கோடு. பன்னிரண்டாம் நாள் 3. புண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைவிட அந்தக் கோடுகளை எண்ணுவதுதான் எனக்கு உண்மை நிலவரத்தைச் சொன்னது. பதினான்காம் நாள் மறுபடி நுண்ணோக்கியில் பார்த்து, நிலக்கடலைகள் அநேகமாகப் போய்விட்டன என்று சொன்ன பிறகும் சொட்டு மருந்தை இன்னும் ஒரு வாரம் தொடரச் சொன்னார். இருபத்துநாலாம் நாள் பொருக்கு தானாக விழுந்தது. கீழே ரோஜா நிறத்தில், வழவழப்பாக, முடியில்லாத புதுத் தோல். உறையை அதற்குப் பிறகும் நாலு நாள் கழற்றவில்லை. இந்த முறை அவள் எப்படிப் பார்த்தாலும் நான் இரங்கவில்லை.

எல்லாக் காதும் இப்படி ஆறும் என்று சொல்ல முடியாது. ரத்தக் குழாய் அழற்சி, சொறி, வெள்ளைக் காது நாய்களுக்கு வெயிலால் வரும் புற்று என்று வேறு காரணங்களும் உண்டு, அப்போது சதை எடுத்துச் சோதிக்கவோ, ஓரத்தை வெட்டித் தைக்கவோ வேண்டிவரும். காது பலூன் போல உப்பினால் அது உள்ளே ரத்தம் கட்டுவது, அதுவும் உதறலால் வருவதுதான். ஊசியால் குத்தி எடுக்க நீங்களே முயல வேண்டாம்.

செவலையின் இடது காது நுனியில் இப்போது ஒரு சின்னப் பள்ளம். கருத்தடை செய்த தெருநாய்களுக்குக் காதில் வெட்டுவார்களே, அதுதானோ என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். குளிப்பாட்டுவதற்கு முன் இரண்டு காதிலும் பஞ்சு வைக்கிறேன், முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த கையோடு இரண்டு காதையும் தூக்கி முகர்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இந்த ஆனியில் சாரல் தொடங்கிய இரண்டாவது வாரம், அவள் மிதியடியில் இடது கன்னத்தை வைத்துத் தேய்ப்பதை அத்தைதான் பார்த்தார்கள். "ஏம்மா, செவல தலையத் தேய்க்கா, வந்து பாரு" என்று கூப்பிட்டார்கள். போய் முகர்ந்தேன். லேசாக, மிக லேசாக, புளித்த வாடை. அன்று மதியமே வண்டி பிடித்தோம்.